செட்டில்மெண்ட்: ஒரு சொல்லின் வரலாறு

மரைன் ஹில்லில் நாம் குடியிருக்கும் வீட்டிற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பெரியவர் ஒருவர் வந்தார். இளம்பருவத்தில் கப்பலேறி இத்தீவுக்கு வந்து, ஓர் அரசுத் துறையில் மஸ்தூராகச் சேர்ந்து, ஓய்வு பெற்று, இங்கேயே தங்கிவிட்டவர். துணிப்பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து நம்முன் வைத்தார். ஒன்று, அவருடைய வருங்கால வைப்புநிதியின் இறுதிக் கணக்கு. மற்றொன்று, ஊரிலிருந்து வந்த நிலப் பதிவேட்டின் நகல். அதில் அவருடைய பாட்டனார் பெயர் இருந்தது. மூன்றாவது, அவருடைய தந்தையார் மறைவதற்குச் சில ஆண்டுகள் முன்னர், ஊரோடு இருந்த இளைய மகனுக்கு வீட்டை எழுதிவைத்த பத்திரத்தின் நகல்.

"தம்பி, மூன்று தாளிலும் செட்டில்மெண்ட், செட்டில்மெண்ட் என்றே இருக்கிறது. மூன்றும் ஒன்றுதானா? இது போதாதென்று, 'நாம் செட்டிலரா இல்லையா தாத்தா?' என்று பேரன் வேறு கேட்கிறான். அவனுக்கு நான் என்ன சொல்வது?" என்றார்.

அலுவலகத்தில் நாள்தோறும் கோப்புகளில் எழுதியும் படித்தும் பழகிய சொல்தான். ஆயினும் அவர் வினாவுக்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. அந்த வினாவைத் தொடர்ந்து சென்றபோது, தரங்கம்பாடியும் சிவகங்கையும் பினாங்கும் சாத்தம் தீவும் ஒரே சொல்லால் பிணைக்கப்பட்டிருப்பதைக் கண்டோம். அவ்வாறு கண்டதையே இக்கட்டுரையில் அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

வினையால் வேறுபடும் சொல்

ஒரு சொல் பல பொருள் தருவது தமிழருக்குப் புதிதன்று. தொல்காப்பியர் இத்தகைய சொற்களைப் 'பலபொருள் ஒருசொல்' எனக் குறித்து, அவற்றை வினை வேறுபடுவன, வினை வேறுபடாதன என இரண்டாக வகுத்தார். 'மா' என்ற சொல் மரத்தையும் குறிக்கும், விலங்கையும் குறிக்கும். பூத்தது என்றால் மரம், ஓடிற்று என்றால் விலங்கு. பின்வந்த நிகண்டு நூலார் இச்சொற்களுக்கெனத் தனித் தொகுதியே அமைத்தனர்.

ஆங்கிலேயர் விட்டுச்சென்ற இச்சொல்லும் அந்த இலக்கணத்துக்கு அடங்கி நடப்பது வியப்புக்குரியது. செட்டில்மெண்ட் 'எழுதினார்' என்றால் சொத்துப் பத்திரம். செட்டில்மெண்ட் 'வாங்கினார்' என்றால் வேலையை விட்டு நிற்கும்போது கைக்கு வரும் தொகை. செட்டில்மெண்ட் 'நடந்தது' என்றால் நிலத்தை அளந்து வரி விதித்தது. செட்டில்மெண்ட் 'ஏற்பட்டது' என்றால் ஆலைத் தொழிலாளர்க்கும் நிர்வாகத்துக்கும் ஒப்பந்தம். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் பிரிவு எண்ணைக் கொண்டு 'பன்னிரண்டு மூன்று செட்டில்மெண்ட்' என்றே ஆலைவாயில்களில் பேசிக்கொள்வார்கள். கட்டடப் பொறியாளரிடம் கேட்டாலோ, அடித்தளம் மண்ணில் அமிழ்ந்து இறங்குவதற்கு அதுவே பெயர் என்பார். பேச்சுவழக்கில், 'பையன் செட்டில் ஆகிவிட்டான்' என்றால் வேலையும் மணமும் வாய்த்தன என்று பொருள். அதையே ஒரு முரடன், 'உன்னைச் செட்டில் பண்ணிவிடுவேன்' என்று சொன்னால் பொருள் முற்றும் வேறு.

இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய ஆங்கிலச் சொல்லுக்கு இருக்கை என்பதே பொருள். உயர்ந்த சாய்மானம் உடைய நீண்ட மரப்பலகைக்கு இன்றும் ஆங்கிலத்தில் 'செட்டில்' என்று பெயர் உண்டு. அமர்தல், அமர்த்துதல், அசைந்துகொண்டிருந்தது அடங்குதல் என்ற கருத்திலிருந்தே குடியமர்தலும், கணக்கு அடைதலும், வழக்கு முடிதலும், வண்டல் படிதலும் கிளைத்தன. தானே அமர்தலுக்கும் பிறரை அமர்த்துதலுக்கும் ஒரே சொல் என்பதை இங்கே மனத்திற் கொள்ள வேண்டும். அமர்ந்தவர் யார், அமர்த்தியவர் யார் என்பதை அச்சொல் காட்டுவதில்லை. வரலாற்றில் அது செய்த வேலையெல்லாம் இந்த மறைப்பில் அடங்கியிருக்கிறது.

கடற்கரைக் கொத்தளங்கள்

நம் நாட்டில் இச்சொல் முதலில் கடற்கரையில் இறங்கியது. ஐரோப்பிய வணிகர் உள்ளூர் அரசரிடம் இடம் பெற்று, பண்டகசாலை கட்டி, அதைச் சுற்றி மதில் எழுப்பிய இடங்களைச் செட்டில்மெண்ட் என்றே வழங்கினர். 1639இல் ஆங்கிலேயர் பெற்ற சென்னை அவ்வகையது. தஞ்சை இரகுநாத நாயக்கரிடமிருந்து 1620இல் டேனியர் பெற்ற தரங்கம்பாடியும் அவ்வகையதே.

தரங்கம்பாடியை நாம் எடுத்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. இன்று நம் ஒன்றியப் பகுதியின் ஒரு பாதியாக விளங்கும் நிக்கோபார்த் தீவுகளில் டேனியர் குடியேற்றம் காண முயன்றது தரங்கம்பாடியிலிருந்துதான். 1756இல் டேனியர் அத்தீவுகளுக்குத் தம் அரசர் பெயரையே சூட்டி உரிமை கொண்டாடினர். தரங்கம்பாடியில் தங்கியிருந்த மொரேவியச் சமயத் தொண்டர்கள் 1768இல் நன்கௌரித் தீவுக்குச் சென்று ஏறத்தாழ இருபது ஆண்டுகள் போராடினர். மலேரியாக் காய்ச்சல் அவர்களை நிலைக்கவிடவில்லை. டேனியர் தரங்கம்பாடியை 1845இலும், நிக்கோபாரின்மீது தமக்கிருந்த உரிமையை 1868இலும் ஆங்கிலேயர்க்கு விற்றுவிட்டனர். சோழமண்டலக் கரைக்கும் இத்தீவுகளுக்கும் உள்ள உறவைப் பேசுவோர் இராசேந்திர சோழனின் கடற்படையோடு நிறுத்திவிடுகின்றனர். காய்ச்சலில் மடிந்த இந்தத் தரங்கம்பாடி முயற்சியையும் அதனோடு சேர்த்து நினைக்கலாம்.

ஒரே ஆட்சியில் இரு செட்டில்மெண்டுகள்

கார்ன்வாலிஸ் பிரபு கவர்னர் ஜெனரலாக இருந்த காலத்தில் இச்சொல் இருவேறு திசைகளில் ஒரே வேளையில் வளர்ந்தது.

கடற்படை அளவையாளர் ஆர்ச்சிபால்டு பிளேர் 1788இல் அந்தமான் கரைகளை ஆராய்ந்து, 1789 செப்டம்பரில் சாத்தம் தீவில் ஒரு குடியேற்றத்தைத் தொடங்கினார். அதுவே அந்தமானின் முதல் செட்டில்மெண்ட். 1792இல் அதை வட அந்தமானுக்கு மாற்றினர். அங்கே நோயும் சாவும் மிகுந்தமையால் 1796இல் அதை மூடிவிட்டு, கைதிகளைப் பினாங்குக்கு அனுப்பினர்.

அதே கார்ன்வாலிஸ் 1793இல் வங்காளத்தில் 'நிரந்தரச் செட்டில்மெண்ட்' என்னும் நிலவரி ஏற்பாட்டைச் செய்தார். ஜமீன்தார் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய தொகையை என்றென்றைக்குமாக நிலைநிறுத்திய ஏற்பாடு அது. கடலில் அமைத்த செட்டில்மெண்ட் ஏழே ஆண்டுகளில் அழிந்தது. காகிதத்தில் எழுதியது ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தது.

அவ்வேற்பாடு தமிழகத்துக்கு வந்த கதையே நம் நெஞ்சைத் தொடுவது. 1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அடுத்த ஆண்டாகிய 1802இல் இரண்டு செயல்கள் நடந்தன. ஒன்று, சென்னை மாகாணத்தின் 25ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. பாளையங்களை நிரந்தரச் செட்டில்மெண்டின்கீழ் ஜமீன்களாக மாற்ற அதுவே வழிவகுத்தது. மற்றொன்று, கிளர்ச்சியில் ஈடுபட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர், சின்னமருதுவின் மைந்தன் துரைச்சாமி உட்பட, கப்பலேற்றப்பட்டுப் பினாங்குக்கு நாடுகடத்தப்பட்டனர். அதற்கு 16 ஆண்டுகள் முன்னரே, 1786இல், கம்பெனியார் பினாங்கில் தம் செட்டில்மெண்டை நிறுவியிருந்தனர்.

நிலத்துக்கு ஒரு செட்டில்மெண்ட்; அந்நிலத்துக்காக வாளேந்தியவர்க்கு வேறொரு செட்டில்மெண்ட். ஒரே ஆண்டில் ஒரே அரசு இரண்டையும் செய்தது. சொல் ஒன்றே என்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் 1826இல் ஒன்றிணைத்து 'ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்' என்று பெயரிட்டனர். 1946 வரை அப்பெயர் நிலைத்தது. நம்மவர் வணிகராகவும் உழைப்பாளராகவும் சென்று சேர்ந்த இடம் அது. விலங்கு பூண்ட இந்தியக் கைதிகளும் அங்கே சென்றனர். சிங்கப்பூரில் இன்றும் நிமிர்ந்து நிற்கும் புனித ஆந்திரேயா பேராலயம் அவர்களுடைய கைவேலை.

மண் வயனமும் தரமும்

தமிழகம் முழுவதும் ஜமீன் ஆகிவிடவில்லை. பாரமகாலில் 1792 முதல் கேப்டன் ரீடும், அவர்கீழ்ப் பணியாற்றிய தாமஸ் மன்றோவும் வேறொரு முறையை வளர்த்தனர். இடைநிலையில் ஜமீன்தார் இன்றி, உழுபவரோடு அரசு நேராகக் கணக்கு வைத்துக்கொள்ளும் ரயத்துவாரி முறை அது. மன்றோ 1820 முதல் 1827 வரை கவர்னராக இருந்தபோது அதுவே மாகாணத்தின் பெரும்பகுதிக்கு உரிய முறையாயிற்று. பின்னர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மாவட்டந்தோறும் நிலத்தை அளந்து, மண்ணைத் தரம் பிரித்து, தீர்வை கட்டி, முப்பது ஆண்டுக்கு ஒருமுறை 'ரீசெட்டில்மெண்ட்' என்று மறுபடியும் ஆராய்ந்தனர்.

பெரியவர் கொணர்ந்த இரண்டாவது தாள் அத்தகைய பதிவேட்டின் ஒரு பக்கம். 'மண் வயனமும் ரகமும்', 'தரம்', 'தீர்வை' என்ற தலைப்புகளின்கீழே, எண்களுக்கு நடுவே, அவர் பாட்டனாரின் பெயர் ஒரு வரியில் ஒட்டிக்கொண்டிருந்தது. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோதும், ஜமீன் ஊர்களை ரயத்துவாரி ஊர்களாக மாற்ற வந்தவர்க்குச் 'செட்டில்மெண்ட் தாசில்தார்' என்றே பெயர். ஜமீனைக் கட்டியதும் செட்டில்மெண்ட், அவிழ்த்ததும் செட்டில்மெண்ட். இன்று தமிழக அரசு அத்துறையை 'நில அளவை மற்றும் நிலவரித் திட்டத் துறை' என்று அழகாகத் தமிழாக்கியுள்ளது.

இதே காலத்தில் வேறொரு கொடிய பொருளும் இச்சொல்லுக்கு ஏற்பட்டது. 1871இல் பிறந்து 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ், சில சாதியினரைப் பிறவியிலேயே குற்றவாளிகள் என எழுதி, வேலியிட்ட ஊர்களில் அடைத்துவைத்தனர். அவ்வூர்களுக்கும் செட்டில்மெண்ட் என்றே பெயர். தென்னார்க்காட்டு அஜீஸ்நகர் அவற்றுள் ஒன்று. 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிக்கு மார்பு காட்டியவர்கள் அச்சட்டத்தையே எதிர்த்தனர். 1947இல் சென்னை மாகாணமும் 1952இல் நாடு முழுவதும் அதனைக் கைவிட்டன.

நம் தீவில்

1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சிக்குப் பின்னர் ஆங்கிலேயர் அந்தமானை மறுபடியும் நினைத்தனர். 1858 மார்ச் 10ஆம் நாள் டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் 200 கைதிகளோடு வந்திறங்கினார். 'பீனல் செட்டில்மெண்ட்' தொடங்கிற்று. பிளேரின் பெயர் துறைமுகத்துக்குச் சூட்டப்பட்டது; 2024 செப்டம்பரில் அந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறியதை யாவரும் அறிவர். 1896இல் தொடங்கி 1906இல் முடிந்த செல்லுலர் சிறையையே உலகம் அறியும். ஆயினும் சிறைச்சுவருக்கு வெளியே இருந்த வாழ்வும் செட்டில்மெண்டின் ஒரு பகுதியே. ஆண்டுக்கணக்கில் ஒழுங்காய் இருந்த கைதி அனுமதிச் சீட்டுப் பெற்று, நிலம் உழுது, பெண் கைதியை மணந்து குடும்பம் நடத்தலாம். அத்தகையோரின் வழிவந்தோரே 'லோக்கல் பார்ன்' என்று இங்கே வழங்கப்படுவோர். 1921ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் மலபார் மாப்பிள்ளைமாரும், 1925இல் பர்மாவிலிருந்து கரேன் மக்களும், அதே பத்தாண்டில் வடநாட்டிலிருந்து பாந்து மக்களும் வந்து சேர்ந்தனர். பாந்து மக்களும் குற்றப் பரம்பரை என முத்திரை குத்தப்பட்டவர்களே.

1942 மார்ச் முதல் 1945 அக்டோபர் வரை ஜப்பானியர் ஆட்சி நடந்தது. அதன்பின் பீனல் செட்டில்மெண்ட் ஒழிந்தது. ஆனால் சொல் ஒழியவில்லை. கைதியோடு ஒட்டியிருந்த அதுவே 1949இல் அகதியின் நம்பிக்கையாக மாறியது. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாய் வந்தவர்கள் காடு திருத்திக் குடியேறினர். குடும்பத்துக்கு 5 ஏக்கர் நெல்வயலும் 5 ஏக்கர் மேட்டுநிலமும் என்பது திட்டம். 1969 முதல் பெரிய நிக்கோபாரில் முன்னாள் படைவீரர்கள் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுள் தமிழரும் உண்டு. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் 5,25,000 பேரை இந்தியா ஏற்க நேர்ந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாய் உழைத்த அம்மக்களுள் ஒரு சிறுபகுதியினர் 1970களில் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தனர். ஒரு தீவிலிருந்து பெயர்க்கப்பட்டு இன்னொரு தீவில் நடப்பட்டவர்கள் அவர்கள்.

இவையெல்லாம் நிகழ்வதற்கு முன்பே இங்கிருந்தவர்களின் கதி என்ன? அந்தமானியர் 1859 மே மாதத்தில் அபர்டீனில் வில்லும் அம்பும் ஏந்திச் செட்டில்மெண்டைத் தாக்கித் தோற்றனர். அவர்களை வீழ்த்தியதில் துப்பாக்கியைவிட நோயே பெரிது. 1877இல் பரவிய தட்டம்மை ஒன்றே பலரை வாரிச்சென்றது. பல்லாயிரவராய் இருந்த பெரிய அந்தமானியர் 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625 பேர். 1961இல் 19 பேர். எஞ்சியோரைப் பின்னர் ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தினர். அதற்கும் 'செட்டில்மெண்ட்' என்றே பெயரிட்டனர். தம் சொந்த மண்ணில் தாமே குடியமர்த்தப்பட்டவர் ஆயினர்.

மண் அமிழ்ந்த நாள்

பொறியாளர் கூறும் பொருளை இத்தீவு 2004 டிசம்பர் 26ஆம் நாள் கண்ணாரக் கண்டது. அன்றைய பெருநடுக்கத்தில் தென் அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் வயல்களில் கடல்நீர் புகுந்து தங்கிவிட்டது. பெரிய நிக்கோபாரின் தென்கோடியில் இந்திராமுனைக் கலங்கரை விளக்கின் அடி நான்கு மீட்டருக்குமேல் அமிழ்ந்தது. படைவீரர்கள் எழுப்பிய கரையோர ஊர்களும் கச்சாலும் அலையில் சிதைந்தன. குடியேற்றமாகிய செட்டில்மெண்ட், மண் அமிழ்தலாகிய செட்டில்மெண்டுக்கு இரையாயிற்று. பட்டாவில் தரமும் தீர்வையும் உண்டு. நிலம் கடலாகிவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அதில் கலம் இல்லை.

தமிழில் என்ன சொல்வது?

இத்தனை பொருளுக்கும் தமிழில் ஒரே சொல் இல்லையே எனச் சிலர் குறைபடக்கூடும். நாம் அதை நிறைவாகவே கருதுகிறோம். 'தீர்' என்னும் ஒரு வேரிலிருந்து கடன் தீர்த்தல், வழக்கின் தீர்ப்பு, சிக்கலின் தீர்வு, நிலத்தின் தீர்வை எல்லாம் பிறக்கின்றன. 'குடி' என்னும் மற்றொரு வேரிலிருந்து குடியேறுதல், குடியேற்றுதல், குடியிருப்பு, குடிமை எல்லாம் பிறக்கின்றன. கணக்கு ஒரு வேர். மக்கள் வேறொரு வேர். தமிழ் இவ்விரண்டையும் கலப்பதில்லை. மேலும், குடியேறினான் என்றால் தானே வந்தவன். குடியேற்றப்பட்டான் என்றால் பிறர் கொணர்ந்தவன். ஆங்கிலச் சொல் மறைத்த வேற்றுமையைத் தமிழ் வினை வெளிப்படுத்துகிறது. ஆகவே கோப்பில் இச்சொல்லைக் காணும் மொழிபெயர்ப்பாளர், 'யார் யாரைச் செய்தது?' என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனிப் பெரியவருக்கு நாம் கூறிய விடை. மூன்று தாளும் ஒன்றல்ல என்றோம். வைப்புநிதித் தாள், கணக்குத் தீர்ந்தது என்கிறது. பதிவேட்டு நகல், பாட்டனார் நிலத்துக்குத் தீர்வை கட்டியது. பத்திரமோ, தந்தை தம் சொத்தைக் குடும்பத்தில் ஒருவருக்கு வழங்கிய ஏற்பாடு. 1899ஆம் ஆண்டு முத்திரைச் சட்டமே அதற்கு இலக்கணம் கூறியுள்ளது. உயிலாக இருந்திருந்தால் அவர் மறைவுக்குப் பின்னரே நடப்புக்கு வந்திருக்கும். உயிரோடிருந்த வரையில் அதை மாற்றியும் இருக்கலாம். இது எழுதிப் பதிந்த அன்றே உரிமை மாறிவிட்ட ஏற்பாடு. எளிதில் திரும்பப் பெற இயலாதது.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "ஊரோடு இருந்து பார்த்துக்கொண்டவன் அவன்தானே. எழுதினது சரிதான். நான் இங்கே செட்டிலாகிவிட்டேன் என்று அப்பா நினைத்திருப்பார்" என்றார்.

பேரனின் வினா எஞ்சி நின்றது. இங்கே 'செட்டிலர்' என்பது அரசின் திட்டத்தின்கீழ் நிலம் பெற்றுக் குடியேறியவர்க்கே உரிய பெயராய் வழங்குகிறது. மரக்கிடங்கிலும் துறைமுகத்திலும் சாலைப்பணியிலும் உழைக்கத் தாமாகக் கப்பலேறி வந்த தமிழர் பெரும்பாலோர்க்கு அப்பெயர் பொருந்துவதில்லை. நாற்பது ஐம்பது ஆண்டுகள் இங்கே வாழ்ந்து, பிள்ளைகளைப் பெற்று, பெற்றோரை இம்மண்ணில் புதைத்தும் எரித்தும் இருக்கலாம். கோப்பின் மொழியில் அவர்கள் செட்டிலர் அல்லர். "கோப்பின்படி இல்லை என்று சொல்லுங்கள், ஐயா. தமிழில் கேட்டால், குடியேறிய குடி என்று சொல்லுங்கள். நமக்கு முன்னே இங்கே இருந்தவர்களைப் பற்றியும் அவனுக்குச் சொல்லுங்கள்" என்றோம்.

நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். கைதிக்குப் பதிவேடு உண்டு. அகதிக்கு நில ஆணை உண்டு. தாமாக வந்தவர்க்குப் பெரும்பாலும் ஒரு கப்பல் சீட்டும் ஒரு வேலைச் சீட்டுமே சான்று. அவையும் கரையானுக்கு இரையாகி வருகின்றன. எந்த ஆண்டு, எந்தக் கப்பலில், எந்த ஊரிலிருந்து, எந்த வேலைக்கு வந்தார் என்று குடும்பந்தோறும் கேட்டு ஒரு குறிப்பேட்டில் பதிந்துவைத்தால், நாளை நம் பிள்ளைகள் இதே வினாவைக் கேட்கும்போது காட்டுவதற்கு ஒரு தாளாவது இருக்கும். அப்பெரியவர் தம் மூன்று தாள்களையும் பையில் மடித்து வைக்கும்போது, தாம் வந்த ஆண்டையும் கப்பலின் பெயரையும் நம்மிடம் சொல்லிச் சென்றார். முதற்பக்கத்தில் அதை எழுதி வைத்துள்ளோம்.